கொடுவா மீனுக்கு ஏற்ற தீவனம்

ஊரை விட்டு ஊர் சென்று வாழும் தமிழர்களாகிய நமக்குப் பழகிய பொருள்களைப் புதிய பெயர்களில் கண்டுபிடிப்பது அன்றாட அநுபவம். கொல்கத்தாவின் மீன் கடையில் ‘பெட்கி’ என்று விற்பதும், விசயவாடாவில் ‘பண்டுகப்ப’ என்பதும், கொச்சியில் ‘காளாஞ்சி’ என்பதும், மும்பைக்குத் தெற்கே ராய்கட் கடற்கரையில் ‘ஜிதாடா’ என்பதும், கோவாவில் ‘சோணக்’ என்பதும் ஒரே மீன்தான். நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் நாம் ‘கொடுவா’ என்று அழைத்த மீன் அது. வங்காளியர் வீட்டு விருந்தில் வாழையிலையில் பொதிந்து வேகவைத்துப் பரிமாறப்படும் மீனைச் சுவைத்துவிட்டு, ‘இது நம் ஊர்க் கொடுவா அல்லவா!’ என்று வியந்தவர்கள் இந்த உரையைக் கேட்போரில் பலர் இருக்கக்கூடும்.

இந்த மீன் இன்று கடலிலும் கழிமுகத்திலும் பிடிக்கப்படுவதோடு நின்றுவிடவில்லை. குளத்திலும் மிதவைக் கூண்டிலும் வளர்க்கப்படுகிறது. வளர்ப்போருக்கு முதலில் எழும் கேள்வி, ‘இதற்கு என்ன தீனி போடுவது?’ என்பதே. சிறிய கேள்வியாகத் தோன்றினும், வளர்ப்புச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடுவதால், இலாபமும் நஷ்டமும் இதற்குச் சொல்லும் விடையைப் பொறுத்தே அமைகின்றன. வெளி மாநிலத்தில் உழைத்துச் சேர்த்த பொருளை ஊரில் உள்ள உவர் நிலத்தில் முதலீடு செய்ய எண்ணுவோர் நம்மிடையே உண்டு. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

நம் நண்பர் ஒருவரின் கதையைச் சொல்லித் தொடங்குவது பொருத்தமாகும். அவர் முப்பது ஆண்டுகள் கொல்கத்தாவில் அலுவல் பார்த்தவர். ஓய்வு பெற்ற பின் தஞ்சைக் கடற்கரையோரம் உள்ள தம் சிற்றூருக்குத் திரும்பினார். முன்பு இறால் வளர்த்துக் கைவிடப்பட்ட குட்டை ஒன்று அவருடைய பங்கு நிலத்தில் இருந்தது. வங்காளத்தில் பெட்கிக்கு உள்ள மதிப்பைக் கண்ணாரக் கண்டவர் ஆதலின், அந்தக் குட்டையில் ஆயிரம் கொடுவாக் குஞ்சுகளை விட்டார். பக்கத்து மீன்பிடித் துறையில் விசைப்படகுகள் கொண்டுவந்து கொட்டும் கழிவு மீனை மலிவாக வாங்கி, நறுக்கிப் போட்டார். கரையோர மக்கள் இதைச் ‘சங்காயம்’ என்பார்கள். மீன்கள் ஆவலோடு தின்றன, நன்றாகவும் வளர்ந்தன.

ஏப்ரல் 15 வந்தது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் அன்று முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்கும் பொருட்டு விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. படகு போகவில்லையாதலால் சங்காயமும் வரவில்லை. நண்பர் திகைத்துப் போய்த் தீவன வியாபாரி ஒருவரை நாடினார். ‘மீன் தீவனம் எல்லாம் ஒன்றுதான்’ என்று அவர் சொல்லிக் கெண்டை மீன்களுக்கான தீவனத்தை மூட்டை மூட்டையாக அனுப்பினார். கொடுவா அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பசி மிகுந்தபோது பெரியவை சிறியவற்றை விழுங்கத் தலைப்பட்டன. தடைக்காலம் முடிந்து வலை வீசியபோது ஆயிரத்தில் சரிபாதிகூடத் தேறவில்லை.

நண்பர் செய்த பிழை யாது? அவர் சோம்பியிருக்கவில்லை, பணத்தைப் பதுக்கவும் இல்லை. தாம் வளர்க்கும் உயிரின் இயல்பை முன்னதாக அறிந்துகொள்ளவில்லை, அவ்வளவே. அந்த இயல்பை இப்போது பார்ப்போம்.

குளங்களில் வளர்க்கப்படும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை கெண்டை இனத்தைச் சேர்ந்தவை. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் மட்கிய இலை தழைகளையும் அவை உண்ணும். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்து போட்டாலும் வளரும். அவற்றின் தீவனத்தில் நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு புரதம் இருந்தால் போதுமானது. கொடுவாவோ பிற மீனையும் இறாலையும் வேட்டையாடி உண்ணும் இனம். அகன்ற வாயும் குறுகிய குடலும் அதற்கு அமைந்திருக்கின்றன. மாவுப்பொருளைச் செரித்து ஆற்றலாக்கும் திறமை அதற்குக் குறைவு. ஆகவே அதன் தீவனத்தில் புரதம் நூற்றுக்கு 40-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். குஞ்சுப் பருவத்தில் 45-உம் அதற்கு மேலும் தேவை. தவிட்டையும் பிண்ணாக்கையும் கொண்டு கொடுவாவை வளர்க்க முற்படுவது, புலிக்குப் புல் போடுவதை ஒக்கும்.

இன்னோர் இயல்பும் உண்டு. கொடுவா நீரின் நடுவே நகரும் இரையையே பாய்ந்து பற்றும். குளத்தின் அடியில் போய்ப் படிந்துவிட்ட உணவை அது பெரும்பாலும் தேடி எடுப்பதில்லை. எனவே போட்டவுடன் கல்லைப் போல் மூழ்கும் தீவனம் எவ்வளவு சத்துள்ளதாயினும் வீணே. அடியில் கிடந்து அழுகி நீரையும் கெடுத்துவிடும்.

இனி, கொடுவாவுக்கு இரை கொடுக்கும் வழிகள் மூன்று. ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, உயிருள்ள மீனையே இரையாக விடுவது. இது பழைய வழி. குளத்தில் முதலில் திலாப்பியா மீன்களை விட்டு, ஓரிரு மாதங்கள் பெருகச் செய்து, பின்னர் கொடுவாக் குஞ்சுகளை விடுவார்கள். திலாப்பியா இடைவிடாது குஞ்சு பொரிக்கும் இனமாதலால் கொடுவாவுக்கு நாள்தோறும் இரை கிடைத்துக்கொண்டே இருக்கும். தீவனச் செலவு மிகக் குறைவு. ஆயினும் இதில் ஒரு வரம்பு உண்டு. குளம் எவ்வளவு குஞ்சுகளை ஈனுமோ அவ்வளவு கொடுவாவைத்தான் தாங்கும். குளத்தில் நெருக்கமாக மீன் விட்டு வளர்ப்போருக்கும், கூண்டில் வளர்ப்போருக்கும் இந்த வழி பயன்படாது. சிறிய அளவில், வீட்டுத் தேவைக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் வளர்ப்போருக்கு இது இன்றும் தகுந்த வழியே.

இரண்டாவது, நம் நண்பர் கையாண்ட வழி. கழிவு மீனை நறுக்கிப் போடுதல். மீன் விரும்பித் தின்னும் என்பது இதன் பெருஞ்சிறப்பு. குறைகளோ பல. தடைக்காலத்தில் அது கிடைக்காது என்பதைக் கண்டோம். கிடைக்கும் காலத்திலும் கரை சேர்வதற்குள் பாதி கெட்டுப் போயிருக்கும். கெட்ட மீனின் கொழுப்பு கசந்து, உண்ணும் மீனின் உடலில் உள்ள வைட்டமின் ‘இ’ சத்தை அழிக்கும். நெத்திலி, சாளை போன்ற சில மீன்களில் வைட்டமின் ‘பி-1’ சத்தைச் சிதைக்கும் நொதிப்பொருள் ஒன்று இயற்கையாகவே உண்டு. அவற்றையே நெடுநாள் பச்சையாகக் கொடுத்துவந்தால் கொடுவா உண்டும் நலியும். பச்சை மீனோடு நோய்க்கிருமிகளும் குளத்துக்குள் வரும். நறுக்கும்போது வடியும் இரத்தமும் சாறும் நீரில் கரைந்து அதை மாசுபடுத்தும்.

மூன்றாவது, ஆலையில் செய்த குருணைத் தீவனம். மீன் தூள், சோயாப் பிண்ணாக்கு, கோதுமை மாவு, மீன் எண்ணெய், வைட்டமின், தாது உப்பு ஆகியவற்றை அரைத்துக் கலந்து, நீராவியில் வேகவைத்து, அழுத்தத்தோடு துளைகளின் வழியே பிதுக்கி எடுப்பார்கள். வெளிவரும்போது அது பொரியைப் போல் உப்பிக் காற்றை அடைத்துக்கொள்வதால் நீரில் மிதக்கிறது, அல்லது மெதுவாக இறங்குகிறது. மீன் உண்பதைக் கண்ணால் பார்த்து, வயிறு நிறைந்ததும் நிறுத்திக்கொள்ள இது வசதி. ஆண்டு முழுவதும் கிடைக்கும், மூட்டையில் இருப்பு வைக்கலாம். ஆனால் விலை அதிகம். இங்குதான் பலரும் தயங்கி, மலிவான கழிவு மீனை நாடுகிறார்கள்.

அந்த மலிவு உண்மையில் மலிவுதானா என்று கணக்கிட்டுப் பார்ப்போம். கழிவு மீனில் நூற்றுக்கு 75 பங்கு நீர். குருணைத் தீவனத்தில் நீர் 10 பங்கு அளவே. ஒரு கிலோ கொடுவா வளர ஏறக்குறைய ஆறு ஏழு கிலோ கழிவு மீன் வேண்டும். நல்ல குருணைத் தீவனமானால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ போதும். இந்தக் கணக்கையே தீவன மாற்று விகிதம் என்கிறார்கள். எடுத்துக்காட்டுக்காக, கழிவு மீன் கிலோ 25 ரூபாய் என்றும், குருணை கிலோ 110 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஏழு கிலோ கழிவு மீனுக்கு 175 ரூபாய் ஆகிறது. 1.6 கிலோ குருணைக்கு 176 ரூபாய் ஆகிறது. நான்கு மடங்கு விலை வேறுபாடு போலத் தோன்றியது ஒரு ரூபாய் வேறுபாடாகச் சுருங்கிவிட்டது! இதனோடு ஐஸ் கட்டி, நறுக்குவோர் கூலி, நாள்தோறும் துறைக்குச் சென்றுவரும் வண்டிச் செலவு, கெட்ட நீரை மாற்றும் செலவு ஆகியவற்றையும் கூட்டினால் எது மலிவு என்பது விளங்கும். ஊருக்கு ஊர் விலை மாறும், ஆகவே அவரவர் தம் ஊர் விலையை வைத்து இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ‘தீவனம் கிலோ என்ன விலை?’ என்று கேட்பதை விட, ‘ஒரு கிலோ மீனை விளைவிக்கத் தீவனச் செலவு என்ன?’ என்று கேட்பதே அறிவுடைமை.

குருணைத் தீவனம் வாங்குவதென்று துணிந்தவர் கவனிக்க வேண்டியவை சில. மூட்டையின் மேல் அச்சிட்டுள்ள புரதத்தின் அளவையும் கொழுப்பின் அளவையும் முதலில் படிக்க வேண்டும். கொடுவாவுக்கு உரிய தீவனமா, கெண்டைக்கு உரியதா என்பதைக் கேட்டுத் தெளிய வேண்டும். மீன் எண்ணெய் சேர்ந்திருப்பது அவசியம். ஒமேகா-3 எனப்படும் கொழுப்பு அமிலங்களில் நீண்ட தொடர் உடையவற்றைப் போதிய அளவில் உண்டாக்கிக்கொள்ளக் கொடுவாவின் உடலால் இயலாது. உணவின் வழியேதான் அவை வந்தாக வேண்டும். அடுத்து, செய்த தேதியைப் பார்க்க வேண்டும். மூட்டையைப் பிரித்தால் நல்ல கருவாட்டு வாசனை வர வேண்டும். எண்ணெய்ச் சிக்கு நாற்றமோ பூசண வாடையோ வந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஒரு கைப்பிடியை ஒரு வாளி நீரில் போட்டுப் பார்த்தால், உடனே கரைந்து நீரைக் கலக்குகிறதா, உருக்குலையாமல் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். அடியில் தூள் மிகுதியாக இருந்தால் அந்தத் தூளுக்கும் நாம் விலை கொடுக்கிறோம் என்பதை நினைவிற் கொள்க.

குருணையின் பருமனும் முக்கியம். மீனின் வாய்க்குத் தக்க அளவில் அது இருக்க வேண்டும். விரலளவுக் குஞ்சுக்கு ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் குருணை போதும். அரைக் கிலோவை எட்டிய மீனுக்குச் சிறு குருணையைப் போட்டால், வேட்டையாடும் அந்த மீன் அதை ஒரு பொருட்டாகவே கருதாது. மீன் வளர வளரக் குருணையும் வளர வேண்டும்.

வாங்கிய தீவனத்தைக் காப்பதும் ஒரு கலையே. கடற்கரையோரக் காற்றில் ஈரம் அதிகம். மூட்டைகளைத் தரையில் படாமல் பலகையின் மேல் அடுக்கி, சுவரை விட்டுத் தள்ளி, நிழலில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட இருப்பு வேண்டாம். பூசணம் பிடித்த தீவனம் மீனின் ஈரலைக் கெடுக்கும். ‘கொஞ்சந்தானே’ என்று அதை நல்ல தீவனத்தோடு கலந்து போடுவது பெருந்தவறு.

நம் நண்பரின் மீன்கள் ஏன் தீவனத்தைத் தொடவில்லை என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கொடுவா பழக்கத்துக்கு அடிமைப்பட்ட மீன். கழிவு மீனிலேயே வளர்ந்து பெரிதாகிவிட்டால், பின்னர் குருணையைப் பழக்குவது கடினம். பழக்கம் தொட்டிலிலேயே தொடங்க வேண்டும். இந்தியாவில் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து குஞ்சு பொரிக்கச் செய்த முதல் வெற்றி 1997-ஆம் ஆண்டில் கிடைத்தது. அதை அடைந்தது சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் அந்நிலையத்தின் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. சீர்காழியை அடுத்த தொடுவாயிலும் ராஜீவ் காந்தி மீன்வளர்ப்பு மையத்தின் கொடுவாக் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது. பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்கு மூன்றாம் நாள் வாய் திறந்ததும் ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரையும், சில நாட்கள் சென்றதும் ஆர்ட்டீமியா என்னும் சிற்றுயிரின் இளம் பருவத்தையும் கொடுத்து, பின்னர் படிப்படியாக உலர்ந்த தீவனத்துக்குப் பழக்குகிறார்கள். தாயின் மடியிலிருந்து சோற்றுக்குப் பழக்குவது போன்ற பொறுமை இதற்கு வேண்டும். ஆகவே குஞ்சு வாங்குவோர், ‘இவை குருணைக்குப் பழகியவையா?’ என்று கேட்டு, தம் கண்ணெதிரே தீவனம் போடச் செய்து பார்த்த பின்னரே வாங்க வேண்டும்.

கொடுவாவின் மற்றொரு குணம் தன்னினத்தையே உண்ணுதல். தன் நீளத்தில் பாதிக்கும் மேற்பட்ட நீளமுள்ள உடன்பிறப்பையும் அது விழுங்கிவிடும். முதல் இரண்டு மாதங்களில் இக்கொடுமை மிகுதி. இதற்கு மருந்து இரண்டு. வயிறு காயாமல் வேளை தவறாது உணவிடுவது ஒன்று. வாரத்துக்கு ஒரு முறையேனும் குஞ்சுகளைப் பெரிது, நடுத்தரம், சிறிது என வகைப்படுத்தி வெவ்வேறு வலைத் தொட்டிகளில் பிரித்து விடுவது மற்றொன்று. தீவனம் எவ்வளவு உயர்ந்ததாயினும் இப்பிரிவினையைச் செய்யாதவர் குட்டையில், எஞ்சும் மீனுக்கு இறந்த மீனே தீவனமாகிவிடும்.

எவ்வளவு போடுவது? குஞ்சுப் பருவத்தில் நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு குருணை வேண்டும், அதைப் பல வேளைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இருநூறு கிராமை எட்டிய பின் இரண்டு மூன்று பங்கு போதும். காலையும் மாலையும் என இரு வேளை கொடுக்கலாம். இருநூறு கிராம் எடையுள்ள 500 மீன்கள் இருந்தால் மொத்த எடை 100 கிலோ. நாளொன்றுக்கு மூன்று கிலோ, வேளைக்கு ஒன்றரைக் கிலோ. இது ஏட்டுக் கணக்கு. இறுதித் தீர்ப்பு மீனின் பசியே. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், சிறிது சிறிதாகத் தூவி, பாய்ந்து வந்து உண்ணும் வேகம் தணிந்ததும் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும். மேகமூட்டமான நாளிலும், கடுங்குளிரிலும், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவிக்கும் நாளிலும் தீவனத்தைக் குறைக்க வேண்டும், வேண்டுமாயின் அறவே நிறுத்த வேண்டும். உண்ணாமல் எஞ்சிய தீவனம் அம்மோனியாவாக மாறி மீனையே கொல்லும். ‘அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு’ என்பது குளத்துக்கும் பொருந்தும்.

இவ்வளவும் கூறிய பின், ஒரு கடினமான உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டியவர்களாகிறோம். கொடுவாவுக்குப் போடும் குருணையில் உள்ள மீன் தூளும் கடலிலிருந்து வந்ததே. ஏழை வீட்டுக் குழம்பில் கொதிக்க வேண்டிய சாளையும் சிறு மீனும் ஆலைக்குச் சென்று தூளாகி, செல்வர் மேசையில் கொடுவாவாகத் திரும்புகின்றன. சங்காயம் போட்டு வளர்த்தாலும் நிலைமை இதுவே. அதில் பெரிய மீன்களின் குஞ்சுகளும் அகப்பட்டு அழிகின்றன. இதை உணர்ந்தே ஆராய்ச்சியாளர்கள் மீன் தூளின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சோயாப் பிண்ணாக்கையும் வேறு புரதப் பொருள்களையும் சேர்க்கும் முறைகளை ஆராய்ந்து வருகிறார்கள். முழுவதையும் மாற்றிவிட முடியாது. சோயாவில் சில அமினோ அமிலங்கள் குறைவு. நன்றாக வேகவைக்காவிடில் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் அதில் உண்டு. சுவையும் மீனுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. எனினும் ஒரு பகுதியை மாற்றினாலும் கடலுக்கு அது ஆதாயமே. தீவனத்தை வீணாக்காமல் போடும் ஒவ்வொருவரும் தம் பணப்பையோடு கடலையும் காக்கிறார் என்பதில் ஐயமில்லை.

நம் நண்பர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவர் குட்டையைக் கைவிடவில்லை. மறு ஆண்டு குருணைக்குப் பழகிய குஞ்சுகளாகத் தேர்ந்து, ஆயிரத்துக்குப் பதில் அறுநூறு மட்டுமே வாங்கினார். வாரந்தோறும் பிரித்து விட்டார். ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நாளும் போட்ட தீவனத்தின் எடையை எழுதிவந்தார். தடைக்காலம் அந்த ஆண்டும் வந்தது, போயிற்று. குட்டை அதை அறியவே இல்லை. அறுவடை முடிந்ததும் நமக்கு எழுதிய கடிதத்தில், ‘இலாபம் பெரிதில்லை. ஆனால் சென்ற ஆண்டுக் கடன் தீர்ந்தது. இரவில் உறக்கம் வருகிறது’ என்று குறிப்பிட்டிருந்தார்.

அன்பர்களே, ஊரிலுள்ள தம்பிக்கோ மைத்துனருக்கோ மீன் வளர்க்கப் பணம் அனுப்பும் எண்ணம் உங்களுக்கு இருக்குமாயின், பணத்தோடு மூன்று கேள்விகளையும் சேர்த்து அனுப்புங்கள். குஞ்சு எந்தத் தீவனத்துக்குப் பழகியது? ஒரு கிலோ மீனுக்குத் தீவனச் செலவு எவ்வளவு ஆகும்? ஏப்ரல் 15-க்குப் பின் தீவனத்துக்கு என்ன ஏற்பாடு? இம்மூன்றுக்கும் தெளிவான விடை வந்தால் துணிந்து இறங்கலாம். வராவிடில், விடை கிடைக்கும் வரையில் அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.